ஓக் இலை தின்னும் பட்டுப்புழு!

சேலம் வெண்பட்டு வேட்டி, ராசிபுரம் பட்டுச்சேலை... இந்தப் பக்கம் பட்டு என்றாலே மல்பெரிதான். கிணற்றில் தண்ணீர் இருந்தால் போதும். செடியைக் கவாத்து செய்து, மறுபடி துளிர்க்கவைத்து, வருஷத்துக்குப் பல தடவை புழு வளர்த்துவிடலாம். ஆனால், மணிப்பூரில் ஓக் மரத்தின் இலையைத் தின்று பட்டுக்கூடு கட்டும் புழு ஒன்று இருக்கிறது. அந்தப் பட்டின் பெயர் ஓக் டசர். அங்கே மரம் வைத்ததுதான் காலண்டர்!

ஓக்கைத் தமிழில் கருவாலி என்பார்கள். இந்தப் புழு விரும்பித் தின்னும் ஓக் வகைகளில் ஒன்று, குவர்கஸ் அக்யூட்டிசிமா. இமயமலைப் பகுதியில் தொடங்கி சீனா, கொரியா, ஜப்பான் வரை வளர்கிறது. தென்னிந்தியக் காடுகளில் இயற்கையாக வளரும் ஓக் கிடையாது. (ஃபர்னிச்சர் கடையில் ‘ஓக்’ என்று காட்டுவது பல நேரம் லேமினேட் ஷீட்டின் நிறம் மட்டும்தான்!)

இலையைப் பார்த்தே மரத்தைக் கண்டுபிடித்துவிடலாம். ஈட்டி போல நீளமான இலை. நடு நரம்பிலிருந்து பக்க நரம்புகள் சீப்புப் பல் மாதிரி வரிசையாகக் கிளம்பி, விளிம்பையும் தாண்டி மெல்லிய முள் போல நீட்டிக்கொண்டிருக்கும். பார்க்க ரம்பம்தான். கொட்டை இன்னும் வேடிக்கை. அது உட்கார்ந்திருக்கும் கிண்ணம் முழுக்கச் சுருண்ட செதில்கள், பரட்டைத் தலை மாதிரி! இந்த வருஷம் பூத்தது, அடுத்த வருஷக் கடைசியில்தான் கொட்டையாக முற்றும். கிட்டத்தட்ட 18 மாதங்கள். டானின் இருப்பதால் சரியான கசப்பு. கொரியாவில் ஓக் கொட்டைகளை அரைத்து, தண்ணீரில் ஊறவைத்துக் கசப்பை எடுத்துவிட்டு, ‘டோட்டோரிமுக்’ என்ற ஜெல்லி போன்ற உணவு செய்கிறார்கள்.

இதுவும் இலையுதிர் மரம்தான். ஆனால், நம்ம ஊர் தேக்கு வறட்சிக்குப் பயந்து இலையைக் கொட்டுகிறது. இந்த ஓக் குளிருக்காகக் கொட்டுகிறது. அதிலும் காய்ந்த இலைகள் பல, உதிராமல் கிளையிலேயே தொங்கும். குளிர் விலகியதும் துளிர் வரும்.

பட்டு வளர்ப்பவர்களின் கவலை அந்தத் துளிர்தான். முட்டையிலிருந்து வந்த புழுவுக்கு இளந்தளிர் வேண்டும். துளிர்க்கும் முன்பே பொரித்துவிட்டால் பட்டினி. தாமதமானால் இலை முற்றிவிடும், சின்னப் புழுவால் கடிக்க முடியாது. அதனால் விதைக்கூடுகளைக் குளிர்ச்சியான இடத்தில் வைத்து, அந்துப்பூச்சி வெளிவரும் நாளைத் தள்ளிப்போடுவார்கள். நாள் கூடிவந்தாலும் நிம்மதி இல்லை. மல்பெரிப் புழுவுக்கு ஷெட்டும் தட்டும் உண்டு. ஓக் புழு வளர்வது மரத்திலேயே. கூடு கட்டி முடிக்கும்வரை பறவைகளை விரட்ட வேண்டும், ஆலங்கட்டி மழை வராமலும் இருக்க வேண்டும்.