எத்தனை இரவு கூத்து?

பங்குனி பிறக்க இன்னும் நாள் இருக்கிறது. ஆனால், செய்யாறு, வந்தவாசி, ஆற்காடு, காஞ்சிபுரம் வட்டாரங்களில் திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில் பாரதத் திருவிழாவுக்கான பேச்சு முன்கூட்டியே தொடங்கிவிடும். தலைக்கட்டுக்கு எவ்வளவு வரி, பிரசங்கத்துக்கு யார், கூத்துக்கு எந்த ஜமா (கூத்துக் குழு) என்று கோயில் வாசலில் உட்கார்ந்து ஊரார் பேசி முடிப்பார்கள். பிறகு ஜமா வாத்தியாரிடம் வெற்றிலை பாக்கோடு முன்பணம் போகும். அவருடைய நோட்டில் தேதிகள் நிரம்பினால்தான், அவரை நம்பி வேஷம் கட்டுகிறவர்களுக்கும் மேளக்காரர்களுக்கும் ஆடி வரை அடுப்பெரியும்.

இந்தப் பேச்சில் கடைசியாக வந்து, சட்டென்று முடிந்துபோவது ‘எத்தனை இரவு?’ என்ற கேள்வி. முதலில் பேசவேண்டியதே அதுதான். இரவுகளைக் குறைக்கும் ஊர், செலவைக் குறைப்பதாக நினைத்துக்கொள்கிறது. எந்த நாடகம் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரும், எது வழியிலேயே நின்றுவிடும் என்பதும் அதே கோயில் வாசலில்தான் முடிவாகிறது.

பாரதத் திருவிழாவில் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. பிற்பகலில் வில்லிபாரதத்தை வைத்துக்கொண்டு பிரசங்கியார் கதை சொல்வார். கேட்ட கதை இரவில் வேஷம் கட்டிக்கொண்டு வந்து நிற்கும். வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், ராஜசூய யாகம், பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும்போதுதான் அது பாரதம். பத்து இரவு நடந்த ஊர் ஐந்துக்கும் மூன்றுக்கும் இறங்கும்போது, எதை விடுவது என்று யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. சடங்கோடு கட்டுண்ட நாடகங்கள் தாமாகவே நின்றுகொள்ளும், மற்றவை உதிரும்.

அர்ச்சுனன் தபசை எந்த ஊரும் விடாது. வானளாவ நட்ட தபசு மரத்தில் அர்ச்சுனன் வேஷக்காரர் ஒவ்வொரு படியாகப் பாட்டுப் பாடி ஏறுவார். கீழே பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் குளித்த ஈரத்தோடு முந்தானையை ஏந்திக் காத்திருப்பார்கள். உச்சியிலிருந்து அவர் எறியும் எலுமிச்சம்பழமும் பூவும் விபூதியும் அவர்களுக்குப் பிரசாதம். அந்த நேரத்தில் மேலே நிற்பவர் பக்கத்து ஊர் நடிகர் என்ற நினைப்பு யாருக்கும் இருக்காது. கடைசி நாள் காலை நடக்கும் படுகளமும் அப்படித்தான். களத்தில் மண்ணால் செய்து மல்லாத்திய துரியோதனன் உருவத்தைச் சுற்றி வீமனும் துரியோதனனும் ஓடி ஓடிப் போரிடுவார்கள். துரியோதனன் விழுந்து, திரௌபதி கூந்தலை முடித்த பிறகுதான் மாலையில் தீமிதி. கர்ண மோட்சத்துக்குக் கருமாதி வீடுகளிலும் அழைப்பு உண்டு. ஆகவே, இவற்றைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ராஜசூய யாகத்தையும் சுபத்திரை கல்யாணத்தையும் பற்றித்தான் கவலை.

காரணம், கூத்து கற்கப்படும் விதம். ஜமாவில் சேரும் பையன் பின்பாட்டுக்காரர்களோடு நின்று, இரவு இரவாகக் கேட்டுத்தான் பாட்டையும் வசனத்தையும் அடியையும் பிடிக்கிறான். சின்ன வேஷங்களில் தொடங்கி, வருஷக்கணக்கில் ஆடி, பிறகுதான் கிரீடமும் புஜகீர்த்தியும் மார்ப்பதக்கமும் வைத்த கட்டை வேஷத்துக்கு வருகிறான். திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாடி, திரையை விலக்கி, கிறுகி ஆடி, கட்டியங்காரனின் கேள்விகளுக்குப் பதில் சொல்லி சபைக்கு வரும் அந்த நுழைவை ஏட்டைப் பார்த்துக் கற்க முடியாது. ஒரு நாடகத்தை ஐந்தாறு வருஷம் எந்த ஊரும் கேட்காவிட்டால், அது வாத்தியாரின் தலைக்குள் மட்டும் இருக்கும். அவரோடு போய்விடும். கையெழுத்துப் பிரதி இருக்கலாம், மெட்டு இருக்காது.

ஊர்க்காரர்கள் சொல்லும் காரணங்களும் பொய்யல்ல. செலவு கூடிவிட்டது. இளைஞர்களில் பலர் வேலைக்குப் போன இடத்திலிருந்து தீமிதிக்கு மட்டும் வருகிறார்கள். பங்குனி என்றால் பள்ளிப் பொதுத்தேர்வு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல், அதுவும் நள்ளிரவு 12 மணி வரை தளர்வு தர மாநில அரசுக்கு இடம் உண்டு. கூத்தோ பத்து மணி வாக்கில்தான் களைகட்டத் தொடங்கும். துகில் உரியும் கட்டம் பின்னிரவில்தான் வரும். பன்னிரண்டு மணிக்கு நிறுத்தச் சொன்னால், துச்சாதனன் வருவதற்கு முன்பே ஊர் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

தேர்தல்களும் இந்த மாதங்களிலேயே வந்து விழுகின்றன. 2016 மே 16, 2019 ஏப்ரல் 18, 2021 ஏப்ரல் 6, 2024 ஏப்ரல் 19: தமிழ்நாட்டின் இந்த வாக்குப்பதிவு நாட்கள் எல்லாமே பாரதப் பருவத்துக்குள் வந்தவை. நடத்தை விதி அமலில் இருக்கையில், கூட்டம் கூடுகிற எதற்கும் ஊரார் காவல் நிலையத்துக்கு நடையாய் நடக்கவேண்டும். கொரோனா ஊரடங்கும் 2020-இல் மார்ச் கடைசியிலும் 2021-இல் மே மாதத்திலும் வந்து, பருவத்தின் மேலேயே விழுந்தது. மற்றத் தொழில்களுக்குச் சில மாத நட்டம். கூத்தாடிகளுக்கு அது ஆண்டு வருமானம்.

ஒலிபெருக்கி விஷயத்தில் என் கருத்து, சட்டத்தோடு மோத வேண்டியதில்லை என்பதே. கூத்து மைக் இல்லாமல் வளர்ந்த கலை. முகவீணையின் உச்சக் குரலும் கூத்துக்காரர்களின் தொண்டையும் திறந்த வெளியை நிரப்பவே பழக்கப்பட்டவை. பனைமரத்தில் கட்டிய கூம்புக் குழாய்கள் இறங்கினால் கூத்துக்கு ஒரு குறையும் வராது. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கும் நிம்மதி. நள்ளிரவுக்குப் பின் ஒலிபெருக்கி இல்லாத கூத்துக்குப் பருவம் முழுமைக்கும் ஒரே அனுமதி என்று மாவட்ட நிர்வாகம் முன்கூட்டியே அறிவித்துவிட்டால், ஊருக்கு ஊர் மனு எழுதும் அலைச்சல் தீரும்.

கூத்தைக் காக்க முயற்சிகள் நடக்காமலில்லை. புரிசை கூத்துக் கலைஞர் கண்ணப்ப தம்பிரானின் மரபை அவர் குடும்பத்தார் தொடர்கிறார்கள். 1990-இல் காஞ்சிபுரத்தில் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் பெண் பிள்ளைகளையும் பயிற்றுவித்து, ஆண்கள் மட்டுமே ஆடிவந்த களத்துக்குக் கொண்டுவந்தது. இவை பெரிய காரியங்கள். ஆனால், நகர விழாக்களில் ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கி ஆடும் கூத்தும், விருதும் பொன்னாடையும், கிராமத்தின் ஒரு முழு இரவுக்கு ஈடாகமாட்டா. ஒரு மணி நேரத்தில் திரைப் பிரவேசத்தைக் காட்டலாம். கிருஷ்ணன் தூதில் துரியோதனனும் கிருஷ்ணனும் தர்க்கம் செய்து, சபை பக்கம் பிரிந்து கேட்டு, விடிய விடிய மூளும் அந்தச் சூட்டைக் காட்ட முடியாது.

பல ஊர்களில் ஒவ்வொரு இரவுக்கும் ஒரு உபயதாரர் உண்டு. திருவிழா பத்திரிகையில் பெயர் வரும், மரியாதை கிடைக்கும். பாட்டுக் கச்சேரிக்கும் வாணவேடிக்கைக்கும் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பணம் அனுப்புகிறவர்கள் குறையவில்லை. கூத்து இரவுக்கு உபயம் கேட்பதுதான் குறைந்திருக்கிறது. இந்த ஆண்டு ஊரிலிருந்து போன் வரும்போது, எந்தெந்த நாடகம் வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். ராஜசூய யாகமோ சுபத்திரை கல்யாணமோ பட்டியலில் இல்லையென்றால், அந்த ஓர் இரவை உங்கள் உபயமாகச் சேர்க்கச் சொல்லுங்கள். முன்பணம் கைமாறுவதற்கு முன்பே சொல்லுங்கள்.