2,800 வருஷம் சேற்றில் பத்திரமாக இருந்த ஊரை ஏன் தோண்டினார்கள்?

ஒரு கிண்ணத்தில் கோதுமைக் கஞ்சி. கிளறிய மரக்கரண்டி அதிலேயே கிடக்கிறது. சாப்பிட வேண்டியவர்கள் ஓடிப்போய் ஏறக்குறைய 2,800 வருஷம் ஆகிறது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷையரில், மஸ்ட் ஃபார்ம் என்ற இடத்தில் கிடைத்த காட்சி இது. 'பிரிட்டனின் பாம்பேய்' என்று நீங்கள் கேள்விப்பட்டிருந்தால், அது இந்த ஊர்தான்.

அங்கே என்ன நடந்தது?

சுமார் கி.மு. 850. வெண்கலக் காலத்தின் கடைசிக் கட்டம். மெதுவாக ஓடும் ஆற்றின் மேல் மரக்கால்கள் ஊன்றி, வட்ட வீடுகள் கட்டினார்கள். குடிவந்து ஒரு வருஷம் ஆகியிருந்தாலே அதிகம். தீப்பிடித்து, வீடுகள் சாமான்களோடு ஆற்றில் விழுந்தன. விபத்தா, யாராவது வைத்த தீயா என்பது இன்னும் முடிவாகவில்லை.

எப்படி மக்காமல் இருந்தது?

மரத்தையும் துணியையும் மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்குக் காற்று வேண்டும். ஆற்றுச் சேறு அதைத் தடுத்துவிட்டது. கரிந்துபோன பொருள்களும் எளிதில் மக்குவதில்லை.

சரி, சேறே காப்பாற்றியது என்றால் ஏன் தோண்டணும்?

ஏனென்றால் அது களிமண் குவாரி. ஊரின் ஒரு பகுதியை யாருக்கும் தெரியாமலே முன்பே வெட்டி எடுத்துவிட்டார்கள். 1999-ல் குவாரி ஓரத்தில் மரத்தூண்கள் நீட்டிக்கொண்டிருந்தது கண்ணில் பட்டது. ஈரம் போனால் அந்த மரம் சுருங்கி உதிர்ந்துவிடும். மண்ணுக்குள் இனியும் பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கை குறைந்ததால்தான் 2015-16-ல் முழு அகழாய்வு. 11 லட்சம் பவுண்டு செலவை ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பும், குவாரியை நடத்தும் ஃபோர்டெரா செங்கல் நிறுவனமும் ஏற்றன.

நமக்கு என்ன கிடைத்தது?

அந்தக் காலத்து பிரிட்டனில் எழுத்து கிடையாது. பொருள்கள்தான் சாட்சி. செடி நாரில் நெய்த மெல்லிய துணி, ஈரான் வரைக்கும் தூரத்திலிருந்து வந்த கண்ணாடி மணிகள், ஒவ்வொரு வீட்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி சமையல் சாமான்கள் எல்லாம் கிடைத்தன. மலத்தில் இருந்த புழு முட்டைகள்கூட, மீனைச் சரியாக வேகவைக்காமல் சாப்பிட்டதைக் காட்டிக்கொடுத்தன.

ஒரு இடத்தை ஒருமுறைதான் தோண்ட முடியும். அதனால் முடிந்தவரை மண்ணிலேயே விட்டுவைப்பதுதான் பொது வழக்கம். இங்கே காத்திருந்தால் எல்லாமே போயிருக்கும். கிடைத்ததைப் போல இரண்டு மடங்கு பெரிய ஊராக இது இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. மீதிப் பாதியில் இருந்தவர்கள் என்ன சமைத்தார்கள் என்பதை இனி நாம் தெரிந்துகொள்ள வழியில்லை.