இடித்துரை பகையன்று

மேலாளர் சொல்லுக்கு மறுசொல் கூறாமையே இன்று பல பணியகங்களில் ஒழுக்கமெனப் போற்றப்படுகின்றது. சிற்றூர் அலுவலகமாயினும் பெருநகர்த் தொழிலகமாயினும் நிலை ஒன்றே. தலையசைப்பவன் நல்லவன், "இது தவறு" என்பவன் செருக்கன். கூட்டத்துள் அடங்கிக் கிடக்கும் உண்மை, கூட்டம் கலைந்தபின் தேநீர்க்கடையில் வெளிப்படும். இதனைத் தமிழரின் பிறவிப் பணிவென்று பெருமை பேசுவாரும் உளர். இஃது பணிவுமன்று, தமிழியல்புமன்று.

சங்கராபுரத்துக்குக் கிழக்கேயுள்ள திருக்கோவலூர், மலையமான் ஆண்ட மண். அவன் மக்களை யானைக்காலில் இட முனைந்தான் சோழன் கிள்ளிவளவன். அவன் முன்னின்று தடுத்தவர் கோவூர்கிழார். புறநானூற்றின் 46ஆம் பாட்டு இதற்குச் சான்று. அரசனின் குலப்பெருமையை நினைவூட்டினார். அச்சிறுவர்தம் மருட்சியைக் காட்டினார். முடிவெடுக்கும் உரிமையை அவனிடமே விட்டார். சிறுவர் உயிர் பிழைத்தனர். இடித்துரைப்பவன் தலைமையைப் பறிப்பதில்லை. தலைமை தவறாமல் காக்கின்றான். அரசன் அறியாதவனாயினும் உறுதியை எடுத்துரைத்தல் அமைச்சன் கடன் என்பதே வள்ளுவர் கருத்தும்.

அங்ஙனமாயின் இன்றைய வாயடைப்பு எங்கிருந்து வந்தது? வேலை நடக்கும் இடமே அதனைக் கற்பிக்கின்றது. சங்கராபுரத்துக்கு மேற்கேயுள்ள கல்வராயன் மலை, 1976 வரை சாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. நிலமும் பிழைப்பும் ஒருவன் கையில் இருக்குங்கால், அவனெதிரே மறுத்துரைக்கும் நா எவர்க்கு எழும்? சமவெளியிலோ ஆங்கிலவர் வகுத்த அலுவலகப் படிநிலை வேரூன்றிற்று. பள்ளிப் பிள்ளையின் விடுப்பு மடல்கூடத் "தங்கள் கீழ்ப்படிதலுள்ள" என்றே முடிகின்றது. எழுதப் பழகும் கைக்கு முதலிற் கற்பிக்கப்படுவது அச்சொல்லே!

வாய்மூடலின் விலை சிறிதன்று. 1977 மார்ச்சு 27இல் தெனெரீப்புத் தீவில், மூடுபனியில் இரு பெரும் வானூர்திகள் மோதி 583 பேர் மாண்டனர். ஓடுபாதையில் மற்றோர் ஊர்தி இன்னும் நிற்கின்றதோ என்று பொறியாளர் ஐயுற்று வினவினார். தலைமை ஓட்டுநர் உறுதியாக மறுத்தார், வினவியவர் அடங்கினார். ஓடத் தொடங்கியிருந்த வானூர்தி நிற்கவில்லை. பின்னரே, மேலவரை வினவவும் தடுக்கவும் கீழுள்ளோரைப் பழக்கும் பயிற்சி உலகெங்கும் பரவிற்று.

மலைச்சரிவிற் பாதை போடுவோர்க்கும் இஃது பொருந்தும். மழைநீர் செல்லும் வழியைச் சாலைப் பணியாளன் அறிவான், வரைபடம் அறியாது. அவன் வாய்திறக்க அஞ்சினால், அடுத்த மழையிற் பாதை போகும். நோயாளியைத் தொட்டிலிற் கட்டித் தூக்கி இறங்குவோர் மலைமக்களே.

மறுப்புக்கு இடந்தரின் ஒழுங்கு கெடும் என்பர். முடிவுக்கு முன் வழக்காடுக. முடிந்தபின் ஒன்றிச் செய்க. இதில் ஒழுங்கு எங்ஙனம் கெடும்? கூட்டங்களில் இளையவரை முதலிற் பேசவிடுக. தலைவர் இறுதியிற் பேசுக. மாற்றுரையையும் கூட்டக் குறிப்பிற் பதிக. மறுத்தவனை இடமாற்றத்தால் ஒறுக்கும் வழக்கத்தை ஒழிக்க.

வேந்தனெதிரே நிமிர்ந்து நின்ற நாவின் வழிவந்தோர், மேசைக்கெதிரே குழறுவதா? பணிவு சொல்லில் இருக்கட்டும். உண்மை சொல்லாமல் இருக்க வேண்டா!