தோளுக்கு இனியான்

ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாள் புறப்பாட்டுக்குத் 'தோளுக்கினியான்' என்று ஒரு வாகனம் உண்டு. பெயர் வைத்த புண்ணியவான் அதை ஒரு நாளும் தூக்கியிருக்க மாட்டார் என்பது என் சந்தேகம்.

தூக்குகிறவர்களுக்கு ஸ்ரீபாதம் தாங்கிகள் என்று பெயர். இன்றைக்கு இவர்களில் பல பேர் மற்ற நாளில் சென்னையிலோ பெங்களூரிலோ கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் பையன்கள். 'பெருமாள் தூக்கணும் ஸார், லீவு வேணும்' என்று மேலதிகாரியிடம் கேட்டுப் பாருங்கள். ஊரில் பாட்டிக்கு அடிக்கடி சீரியஸாவது இதனால்தான்.

பக்திதானே என்பீர்கள். பக்தி முதல் தெருவரைக்கும் காணும். அப்புறம் தோள் பேச ஆரம்பித்துவிடும். வாரை அழுத்தி அழுத்தித் தோல் காய்த்து, வருஷக்கணக்காகத் தூக்கினவர்களுக்குத் தோளில் சின்னதாக மேடே தட்டிப்போகும். உயரம் பார்த்து ஜோடி சேர்ப்பார்கள். நடுவில் ஒரு குள்ளர் மாட்டினால் வாரை அவர் தோளில் படாது; கூடவே நடந்து வருவார், பாரம் மற்றவர்களுக்கு. (ஆபீஸிலும் பார்த்திருப்பீர்கள்.) தெரு முனை திரும்பும்போது உள்பக்கத்து ஆட்கள் நின்ற இடத்திலேயே அடியெடுக்க, வெளிப்பக்கத்து ஆட்கள் ஓடணும்.

ராப்பத்து எட்டாம் நாள் வேடுபறியில் இருக்கிறது நிஜப் பரீட்சை. மணல்வெளியில் தங்கக் குதிரை வாகனத்தில் 'வையாளி'. குதிரை பாய்கிற மாதிரியே முன்னால் ஓடி, பின்வாங்கி, சுழன்று வரணும். கீழே மணல். நடுவில் 'என்னால முடியலப்பா' என்று ஒருத்தன் தோளை எடுத்தால், பெருமாள் இறங்குவது பக்கத்தில் இருப்பவன் தோளில். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வைப்பது அதுதான். சம்பளமா, இன்க்ரிமெண்ட்டா?

யார் தோள் கொடுக்கலாம் என்பது கோவிலுக்குக் கோவில் வேறு. அதை ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது. ஆனால் ஆளே கிடைக்காத சின்னக் கோவில்களில் வாகனத்துக்குச் சக்கர வண்டி வந்தாச்சு. தப்பு சொல்ல முடியாது. புறப்பாடு நிற்பதற்கு உருள்வது மேல். ஆனால் சிங்கம் போல நின்று, பார்த்து, அடியெடுக்கிற சிம்ம கதி சக்கரத்துக்கு வருமா? படித்துத் தெரிந்துகொள்கிற சமாசாரமும் இல்லை. பெரியவர் தோளுக்குப் பின்னால் பையன் தோள் நின்றால்தான் வரும். ஒரு தலைமுறை விட்டால் போச்சு.

உற்சவம் முடிந்த மறுநாள், தோள்பையைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறும் இளைஞனைப் பார்த்தால் 'ஜிம்மா?' என்று கேட்காதீர்கள். கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்கள்.