காட்டிக் கொடுப்பதா, காத்து நிற்பதா?

கருவிலே வளர்வது ஆணா, பெண்ணா என்று கள்ளத்தனமாகச் சொல்லிக் காசு பறிக்கும் கூட்டத்தைப் பற்றி அதிகாரிகளிடம் தெரிவியுங்கள் என்று நாம் சொன்னால், "ஊராரைக் காட்டிக் கொடுப்பதா? அந்தப் பாவம் நமக்கெதற்கு?" என்று முகம் திருப்புவோர் உண்டு. பாவபுண்ணியக் கணக்கை ஒதுக்கிவிட்டு, நாட்டுக் கணக்கைப் பார்க்க அவர்களை அழைக்கிறோம்.

2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தில், ஆறு வயது வரையிலான ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் 826 பேரே இருந்தனர். 2011இல் அது 910ஐக் கடந்தது. ஏற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால், இயற்கையை அதன் போக்கில் விட்டால் 950 பேர் பிறக்க வேண்டுமே! மீதிப் பெண்கள் எங்கே? அன்று கள்ளிப்பாலைத் தேடிய கை, பின்னாளில் ஸ்கேன் கருவியைத் தேடிற்று. கருவி புதிது, கருத்து பழையது!

2022ஆம் ஆண்டில் தருமபுரியில் கையடக்க ஸ்கேன் கருவியோடு ஒரு கும்பல் பிடிபட்டது. பெயர்ப்பலகை இல்லை, பதிவேடு இல்லை. இத்தகைய இடத்துக்கு வழி காட்டுவது யார்? ஊருக்குள் உலவும் தரகர். அவரை ஊர் அறியும், அதிகாரி அறியார். ஊர் வாய் மூடினால், சட்டம் கண்ணிருந்தும் குருடுதானே!

சட்டம் இருக்கிறது. 1994இல் இயற்றப்பட்டு, 2003இல் திருத்தி வலுவாக்கப்பட்டது. பாலினம் சொல்பவருக்கு முதல் குற்றத்துக்கே மூன்றாண்டு வரை சிறை. மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடம் தெரிவித்தால் சோதனையிடலாம், கருவியைக் கைப்பற்றலாம். அவர் அசையாவிட்டால், 15 நாள் அறிவிப்புக் கொடுத்துவிட்டு எந்தக் குடிமகனும் தானே நீதிமன்றப் படியேறலாம்.

"பாவம், அந்த வீட்டு மருமகள் அகப்பட்டுக் கொள்வாளே" என்பர். கணவனும் உறவினரும் கட்டாயப்படுத்தியதாலேயே அவள் போனாள் என்றுதான் சட்டம் முதலில் கொள்கிறது. கருக்கலைப்பே குற்றமென்றும் நாம் சொல்லவில்லை. 1971ஆம் ஆண்டுச் சட்டம் தந்த அந்த உரிமை பெண்ணுக்கு வேண்டும். பெண் என்பதற்காகவே கருவை அழி என்று அவளை விரட்டுகிறார்களே, அதையல்லவா எதிர்க்கிறோம்! பயிற்சியற்ற கைகளில் சிக்கி, தாயின் உயிரும் அல்லவா போகிறது!

அதிகாரிகளுக்கும் ஒரு சொல்: தகவல் தந்தவர் பெயர் தரகர் காதுக்கு எட்டுமானால், மறுமுறை எவரும் வாய் திறவார். பெயரைக் காப்பதும், கேட்ட அன்றே கிளம்புவதும் உங்கள் கடமை.

1929இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டது. அறுபதாண்டுக்குப் பின், 1989இல், கலைஞர் ஆட்சி அதைச் சட்டமாக்கியது. அதே ஆண்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் முளைத்தது எங்கே? இதே தருமபுரி மண்ணில்!

சேமிப்புக்காகக் கூடிய தாய்மார்களே! உங்கள் கூட்டத்தில் கடன் கணக்கோடு இந்தக் கணக்கையும் எடுங்கள். தரகர் எவர், வண்டி எங்கே போகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். அறிந்ததைச் சொல்லுங்கள். சொத்திலே பங்கு பெற்றுத் தந்தோம். அதைப் பெற்றுக்கொள்ளப் பெண் பிறக்க வேண்டாமா?