சாய்ந்தால் ஓடும் வண்டி

மெக்சிக்கோவிலே புறப்பட்டுக் கனடாவிலே போய்ச்சேர ஏறத்தாழ 1¼ மைல் தூரந்தான். வழியிலே நோர்வே, சீனா, இத்தாலி, யப்பான், மொறோக்கோ முதலிய நாடுகளையும் கண்டுகொள்ளலாம். இது கட்டுக்கதையன்று. அமெரிக்காவின் புளோறிடா மாநிலத்திலுள்ள 'எப்கொட்' என்னும் களியாட்டப் பூங்காவில், ஒரு குளத்தைச் சுற்றி 11 நாடுகளின் மாளிகைகளையும் கடைத்தெருக்களையும் சிறிய அளவிலே சமைத்து வைத்திருக்கின்றனர்.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து சில ஆண்டுகள், பகற்கூட்டம் வந்து சேருமுன், சிறு குழுவினர் சிலர் வழிகாட்டியொருவரின் பின்னே இப்பாதையைச் சுற்றி வருவதுண்டு. அவர்கள் நடக்கவுமில்லை, இருந்து செல்லவுமில்லை. பக்கத்துக்கொன்றாக இரண்டே சக்கரங்கள், நடுவிலே காலூன்ற ஒரு தட்டு, பிடித்துக்கொள்ள ஒரு தண்டு. இவ்வளவே கொண்ட 'செக்வே' என்னும் மின்சார வண்டியில் நின்றபடியே சென்றனர். 16 வயது நிரம்பாதோருக்கும், 100 றாத்தலுக்குக் குறைந்த அல்லது 250 றாத்தலுக்கு மேற்பட்ட நிறையுடையோருக்கும் இடமில்லை. தலைக்கவசம் கட்டாயம். முதலிலே ஒரு மண்டபத்தினுள் பயிற்சி கொடுத்த பின்னரே வெளியே விட்டனர்.

பயிற்சி வேண்டியதற்குக் காரணமுண்டு. முன்னே சாய்ந்தால் வண்டி முன்னே ஓடும். நிமிர்ந்தால் வேகந் தணியும். பின்னே சாய்ந்தால் பின்னோக்கி வரும். விழப்போகிறோம் என்று அஞ்சும் மனிதனோ உடலை விறைத்துக்கொள்கிறான். வண்டியும் அவனோடு சேர்ந்து தடுமாறுகிறது. சற்று நேரஞ் சென்று அச்சம் நீங்கியதும், போகவேண்டுமென்று நினைத்த மாத்திரத்திலே வண்டி போவதுபோலத் தோன்றும்.

இதன் தத்துவம் நம் வீட்டுப் பிள்ளைகள் அறியாததன்று. தும்புத்தடியை உள்ளங்கையிலே நிமிர்த்தி நிறுத்துகிற விளையாட்டு நினைவிருக்கலாம். தடி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் கையைக் கொண்டுபோனால் அது விழாது. எமது வகுப்பிலே இதனைச் செய்து காட்டச் சொன்னால், கணக்கிலே பின்தங்கிய மாணவனே பெரும்பாலும் முதல்வனாய் வருகிறான்! செக்வேயில் நிற்பவர் தடி, சக்கரம் உள்ளங்கை. சாய்வை உணரும் கருவிகள் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 100 முறை நிலைமையை அறிந்து சொல்ல, மின்மோட்டார்கள் சக்கரங்களை உருட்டிக் காலடிக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றன. கருவி இயங்காவிட்டால் தடி விழவேண்டியதுதான். 2003 இல் அமெரிக்க ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ் இவ்வண்டியில் ஏறித் தடுமாறிய படத்தை உலகமே பார்த்துச் சிரித்தது.

டீன் கேமன் என்னும் அமெரிக்கர் 2001 டிசம்பரில் இதனை வெளியிட்டபோது, நகரங்களிலே மோட்டார்க் காரின் இடத்தை இது பிடித்துவிடும் என்று நம்பினார். வாரத்துக்கு 10,000 வண்டிகள் செய்யப்போவதாகக் கணக்கிட்டனர். 2020 இல் உற்பத்தி நின்றபோது, அத்தனை ஆண்டுகளிலும் விற்றவை ஏறத்தாழ 140,000. அவர்களுடைய பழைய கணக்கின்படி அது 14 வாரங்களுக்குரிய தொகை. விலையோ ஏறக்குறைய 5,000 டொலர். நடைபாதையிலே ஓட்டுவதா, தெருவிலே ஓட்டுவதா என்னும் வழக்கும் பல ஊர்களில் தீரவில்லை. ஆகவே காவலரிடமும் சுற்றுலாக்காரரிடமுமே அது பெரும்பாலும் தங்கிவிட்டது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. எப்கொட்டும் பூங்காவாக எண்ணப்பட்டதன்று. வால்ட் டிஸ்னி 1966 இல் அதனை 20,000 பேர் குடியிருக்கும் மெய்யான நகரமாகவே திட்டமிட்டார். மோட்டார் வாகனங்கள் நிலத்தின் கீழே ஓட, மேலே மக்கள் அச்சமின்றி நடமாடவேண்டுமென்பது அவர் எண்ணம். அவ்வாண்டு டிசம்பரிலே அவர் காலமானார். 1982 இல் திறக்கப்பட்டது களியாட்டப் பூங்கா. காரில்லா நகரத்தை நினைத்த இருவரின் கனவுகளும் ஒரு குளக்கரையிலே, கட்டணம் செலுத்திய விருந்தினரின் காலை விளையாட்டாகச் சந்தித்துக்கொண்டன.

இதுவரை சிரிக்கலாம். இனிச் சொல்வது சிரிப்புக்குரியதன்று. கேமன் முன்னரே படியேறுகிற ஒரு சக்கர நாற்காலியைச் செய்திருந்தார். செக்வேயின் சமநிலை வித்தை அதிலிருந்து பிறந்ததே. நோயினால் நடக்க இயலாதோர், ஆனால் நிற்கக்கூடியோர், சிலர் செக்வேயையே தமது காலாகக் கொண்டனர். அவர்கள் தமது வண்டியோடு டிஸ்னி பூங்காக்களுக்குள் வர அனுமதி கிடைக்கவில்லை. கூட்டத்துக்கு ஆபத்து என்பது நிருவாகத்தின் வாதம். நெருக்கத்திலே வண்டி மோதினால் குழந்தைகள் காயமுறுவர் என்பதை நாமும் மறுக்கவில்லை. எனினும், நடக்க வல்லோருக்கு அதே வண்டியைக் கட்டணத்துக்குக் கொடுத்துக்கொண்டே, நடக்க இயலாதோரை வாசலில் மறித்தது எமக்குப் பொருந்தவில்லை.

கலிபோர்ணியாவிலுள்ள டிஸ்னிலாந்து குறித்துப் பெண்ணொருவர் தொடுத்த வழக்கைக் கீழ் நீதிமன்றம் தள்ளிவிட்டது. 2012 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, சக்கர நாற்காலி இருக்கிறதே என்று சொல்வது போதாது, செக்வேக்கு இடங்கொடுக்கும் வழி உண்டா என்று ஆராயவேண்டும் எனக் கூறிற்று. புளோறிடாவில் நடந்த வேறொரு வழக்கு சமாதானத்தில் முடிந்தது. நின்றபடி செல்லக்கூடிய நான்கு சக்கர வண்டிகளைப் பூங்காவே கொடுப்பதென ஏற்பாடாயிற்று.

அந்தப் படியேறும் நாற்காலி, உற்பத்தி நின்று பத்தாண்டு கிடந்தபின், 2019 இல் மீண்டும் விற்பனைக்கு வந்திருக்கிறது.