ஆமிப் பையும் எங்கடை வீடும்



புதிதாக வந்த குடும்பத்துக்கு முதலில் தேவைப்படுவது ஒரு உறுதியான பை. கடைக்கும் வேண்டும், வேலைக்கும் வேண்டும். மலிவுப் பையில் பத்துக் கிலோ அரிசியை வைத்தால் வார் அறுந்துவிடும்.

ஷோனெஃபெல்ட், பேர்லின் பக்கத்தில் புளோமார்க்ட் எனப்படும் பழஞ்சாமான் சந்தைகளில் பழைய இராணுவப் பைகளைக் காணலாம். கிழக்கு ஜேர்மனியின் இராணுவம் 1990 ஒக்ரோபர் 2இல் கலைக்கப்பட்டது. அதன் களஞ்சியங்களில் இருந்த உடுப்பும் பையும் பிறகு சந்தைக்கு வந்தன. இன்றைய ஜேர்மன் இராணுவம் கழிக்கும் சாமான்களை 1951இல் தொடங்கிய வேபெக் என்ற அரச நிறுவனம் ஏலத்தில் விற்கிறது. அதை வாங்கும் வியாபாரிகள் எங்களுக்கு விற்கிறார்கள்.

வாங்கும்போது வார் தைத்த இடத்தை இழுத்துப் பாருங்கள். அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பூஞ்சண மணம் அடித்தால் விட்டுவிடுங்கள். தடித்த பருத்திப் பையை மெசினில் போடவேண்டாம், சுருங்கும். குளிர்ந்த தண்ணீரும் சவர்க்காரமும் போட்டு பிரஷால் தேய்த்து, காற்றில் காயவிடுங்கள். நீளமான உருளைப் பை ஊத்தை உடுப்புக்கு நல்லது. தோள் பை சாப்பாட்டுப் பெட்டிக்கும் வேலைச் சப்பாத்துக்கும் அளவாக இருக்கும். நானும் மூன்று சிப்ட் வேலைக்கும் அப்படி ஒன்றைத்தான் கொண்டு போகிறேன். விசாக் கடிதங்களை மட்டும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். துணி நனைந்தால் ஈரம் உள்ளே இறங்கும்.

இனி முக்கியமான விசயம். என்ரை பையை வாசலில் கொழுவ மாமி விடவில்லை. “படலையைத் தள்ளிக்கொண்டு வந்த நிறம் தம்பி, அது வீட்டுக்குள்ளை வேண்டாம்” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எங்கடை வீடுகளில் இப்படி எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் “இது வெறும் துணிதானே” என்று வாதாடாதீர்கள்.

நிறத்தை மாற்றலாம். பருத்தியென்றால் கடையில் விற்கும் உடுப்புச் சாயத்தில் கறுப்பு ஆக்கலாம். நைலோனில் அந்தச் சாயம் சரியாகப் பிடிக்காது. கொடி, சின்னம், இலக்கம் எல்லாவற்றையும் பிரித்தெடுங்கள். புள்ளியும் கோடும் போட்ட பையைப் பிள்ளைக்குக் கொடுக்கவேண்டாம். ஊருக்குப் போகும்போதும் கொண்டுபோக வேண்டாம். ஜமேக்கா, பார்படோஸ் போன்ற நாடுகளில் பொதுமக்கள் அந்தக் கோல உடுப்பு அணிவதே குற்றம்.

எங்கள் பை இப்போது கறுப்பு. சனிக்கிழமைகளில் மரக்கறி வாங்க அதை எடுத்துக்கொண்டு போவது மாமிதான்.